பழைய எண் 4, புதிய எண் 2

எங்கள் மொட்டை மாடித் தொட்டி நிரம்பிவிட்டது என்பதைப் பல வருடங்களாக எங்களுக்கு அறிவித்து வந்தவர் பக்கத்து வீட்டு அம்மா. "சார்... டேங்க் வழியுது!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் நாலைந்து பேர் எழுந்து போய்த் தங்கள் வீட்டு மோட்டாரையும் நிறுத்துவார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது எனக்குப் பரம்பரை வியாதி. அப்பாவுக்கு இருந்தது, அப்போது மோட்டார் இல்லாததால் அடுப்பில் வைத்த பாலோடு போயிற்று.

போன கோடையில் ஒருநாள், வீட்டில் சம்பந்தி வீட்டார் இருக்கும்போது, அந்தக் குரல் வழக்கத்தைவிட நீளமாக வந்தது. "லாரித் தண்ணி வாங்கறப்ப தெரியும் அருமை!" என்று ஒரு வரி கூடுதல். சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தொட்டியைக் கவனிக்க ஒரு கருவி செய்தே தீர்வது என்று மறுநாள் காலை நான் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் நின்றேன்.

கடைக்காரர் தலைநிமிராமல் கேட்டார்: "நோட் எம்சியூவா, மினியா?" இட்லியா தோசையா என்கிற தொனி. சின்னதாக இருப்பது சுலபமாகத்தான் இருக்கும் என்று எண்ணி "மினி" என்றேன். கையில் வைத்தார். வீமோஸ் டி1 மினி என்ற குட்டிக் கணினி போர்டு. நீளம் 34.2 மில்லிமீட்டர், அகலம் 25.6, எடை 3 கிராம். பாதி கடித்த மேரி பிஸ்கட் அளவு. இருநூற்றுச் சொச்சம் ரூபாய்.

"மாமா, இதை லேசா நினைக்காதீங்க" என்றான் போனில் என் மச்சினன் மகன். பொறியியல் கல்லூரி விடுதியில் இருக்கிறான். தூங்காத நேரத்தில் விவரமானவன். உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் ஈஎஸ்பி8266. சிங்கப்பூர்க்காரர் தியோ ஸ்வீ ஆன் 2008-இல் ஷாங்காயில் தொடங்கிய எஸ்பிரெசிஃப் நிறுவனத்துத் தயாரிப்பு. 2014-இல் ஒரு குட்டி மாட்யூலாக இது வெளியே வந்தபோது விளக்கத் தாள்கள் சீன மொழியில்தான் இருந்தன. விலையைப் பார்த்து வாயைப் பிளந்த ஆர்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்து, நோண்டி நோண்டி உலகத்துக்குச் சொன்னார்கள். நொடிக்கு எட்டுக் கோடித் துடிப்பு, அதாவது 80 மெகாஹெர்ட்ஸ். கூடவே வைஃபை. 1969-இல் நிலாவுக்குப் போன அப்பல்லோவின் வழிகாட்டிக் கணினி 32 கிலோ. அதன் தற்காலிக நினைவகம் 2,048 சொற்கள்தான். "அதைவிட இது எவ்வளவோ மேல, மாமா" என்றான்.

அவர்கள் நிலாவுக்குப் போனார்கள். நான் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். அவ்வளவுதானே?

முதல் நாள் போர்டைக் கணினியில் செருகினேன். நீல விளக்கு ஒன்று மினுக்கென்று அடித்துவிட்டு அணைந்தது. கணினியோ யாரும் வரவில்லை என்றது. சிஎச்340 என்ற டிரைவர் வேண்டும் என்று படித்து, அதை ஏற்றினேன். இல்லை என்றது. எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கணினியை மாற்றினேன். ஓட்டையை மாற்றினேன். நாலு சாயங்காலம் போயிற்று. மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னங்க, அதுக்குச் சாம்பிராணி காட்டிப் பாருங்களேன்" என்றாள். கிண்டலா யோசனையா என்று இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை மச்சினன் மகன் வந்தான். போர்டைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்க்கவில்லை; கேபிளைத் தூக்கி விரலால் நசுக்கிப் பார்த்தான். "இது வெறும் சார்ஜ் கேபிள், மாமா. உள்ளே ரெண்டே கம்பி. கரண்ட் போகும், பேச்சு போகாது. நாலு கம்பி வேணும்." தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகினான். டிங் என்றது கணினி. அந்தப் பழைய கேபிள் எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நல்ல பெயரோடு இருந்தது.

அடுத்து விளக்கை எரியவிடும் பாடம். யார் தொடங்கினாலும் இதுதான் அரிச்சுவடி. போர்டில் இருக்கும் விளக்கு டி4 என்ற காலில் (பின்) இருக்கிறது என்றார்கள். நான் நிரலில் 4 என்று எழுதினேன். எரியவில்லை. விசாரித்தால், போர்டில் டி4 என்று அச்சிட்டிருப்பது சிப்புக்கு 2-ஆம் எண். சரி, 4 யார்? அது டி2. டி2 என்றால் 4, டி4 என்றால் 2. டி1 என்றால் 5. டி3 என்றால் 0. சென்னையில் கதவிலக்கம் தேடி அலைந்தவனுக்கு இது ஒன்றும் புதிதல்ல: பழைய எண் 4, புதிய எண் 2. தபால்காரர் மாதிரி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

எண்ணைத் திருத்தி, விளக்கை எரி என்றேன். அணைந்தது. அணை என்றேன். எரிந்தது. கோளாறு இல்லையாம், அமைப்பே அப்படி: விளக்கின் ஒரு முனை 3.3 வோல்ட்டில் கட்டியிருப்பதால், காலைத் தாழ்த்தினால்தான் மின்சாரம் ஓடும், எரியும். பதின்வயதுப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

வைஃபை இன்னொரு நாளைத் தின்றது. எங்கள் ரூட்டர் இரண்டு பெயரில் ஒலிபரப்பும். வேகமானது என்று பெருமையாக 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்திருந்தேன். இந்தச் சிப்புக்கு 2.4 மட்டும்தான் காதில் விழும். நல்லதுதான். இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஏறி வரும் தெம்பு அதற்குத்தான் கொஞ்சம் அதிகம்.

மோட்டாரையே போர்டு நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் என் கனவு. எலக்ட்ரீஷியன் வந்து, அதற்குச் சுவிட்சாக நான் வாங்கி வைத்திருந்த நீல நிற ரிலேயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "சார், மோட்டார் கிளம்பறப்ப ஓடற கரண்ட்டப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். இது ஒட்டிக்கும். கான்டாக்டர் போடணும், அது நான் போடறேன். நீங்க இதுல கை வைக்காதீங்க." கடைசி வாக்கியத்தை மனைவியைப் பார்த்துச் சொன்னார். ஆகவே திட்டம் சுருங்கியது: தொட்டி நிரம்பினால் என் போனுக்கு டெலிகிராமில் செய்தி வரும். நான் எழுந்து போய் நிறுத்துவேன்.

"சொல்றதுக்குத்தான் பக்கத்து வீட்டம்மா இருக்காங்களே" என்றாள் மனைவி.

பதில் சொல்லாமல் தொட்டிக்குள் மிதவை சுவிட்சைத் தொங்கவிட்டேன். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், சுவிட்ச் மூடும், டி3 கால் தரையோடு (கிரவுண்ட்) சேரும், செய்தி பறக்கும். போர்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மாடிப்படி முகப்பில் மாட்டினேன். பத்து நாள் வேலை செய்தது. போன் அதிர்ந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு விஞ்ஞானியின் நடையில் போய் மோட்டாரை நிறுத்துவேன்.

பதினோராம் நாள் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பின் போர்டு மூச்சுவிடவில்லை. கீழே கொண்டுவந்து செருகினால் நன்றாக ஓடியது. மேலே மாட்டினால் சில நாள் ஓடும், சில நாள் செத்துக் கிடக்கும். டப்பாவை மாற்றினேன், சார்ஜரை மாற்றினேன். ஒருவாரம் குறிப்பு எழுதிப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது: தொட்டி காலியாக இருக்கும்போது கரண்ட் வந்தால் எழுந்துகொள்கிறது. தொட்டி நிரம்பியிருக்கும்போது வந்தால் எழுந்திருப்பதில்லை. வயிறு நிரம்பினால் எழுந்திருக்காத ஜீவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

லேப்டாப்பை மாடிக்குத் தூக்கிப்போய் அது விழிக்கும்போது என்ன முணுமுணுக்கிறது என்று பார்த்தேன். முதலில் கட்டமும் கிறுக்கலுமாக வந்தது. வழக்கமான 115200 வேகத்தில் அல்ல, 74880 என்ற விநோதமான வேகத்தில் அது கண் விழிக்கும். 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எதிர்பார்த்து எழுதிய தொடக்க நிரல், 26 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓடுவதால் பேச்சு இந்த விகிதத்தில் இழுபடுகிறது. வேகத்தை மாற்றியதும் எழுத்து தெளிந்தது. "பூட் மோடு 1" என்றிருந்தது. மோடு 3 என்றால் வேலைக்குக் கிளம்புகிறது என்று பொருள். 1 என்றால் புது நிரல் யாராவது தருவார்கள் என்று காத்திருக்கிறது. விழிக்கும் நொடியில் 0-ஆம் கால் தரையோடு சேர்ந்திருந்தால் அது இந்தக் காத்திருப்புக்குப் போய்விடும். 0-ஆம் கால் எது? சுவரில் ஒட்டிய தாளிலேயே இருக்கிறது: டி3. தொட்டி நிரம்பினால் தரையோடு சேர்வதற்கு நான் தேர்ந்தெடுத்த அதே கால். பாவம், அது ஒரு தடவைகூடச் சொன்ன பேச்சை மீறவில்லை.

கம்பியை டி3-இலிருந்து பிடுங்கி டி5-இல் செருகினேன். இரண்டு நிமிட வேலை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்தது. போர்டு சமர்த்தாக எழுந்துகொள்கிறது.

தொட்டி வழிவது நின்று மூன்று வாரம் ஆனதும் பக்கத்து வீட்டு அம்மா மதில் ஓரமாக வந்து நின்றார். பாராட்டப்போகிறார் என்று பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். "என்ன சார், இப்பல்லாம் உங்க டேங்க் வழியறதே இல்ல? எங்க கறிவேப்பிலை வாடிப்போச்சே" என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கள் தொட்டி வழியும் குழாய்க்கு நேர் கீழே, எங்கள் தண்ணீரிலேயே ஆளுயரம் வளர்ந்திருந்தது மரம். எங்கள் ரசத்தில் மிதந்ததும் அதன் இலைதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தி வந்த பிறகும் பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிடுகிறேன்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அவர் தன் வீட்டுத் தொட்டிக்கும் ஒன்று போட்டுத்தரச் சொல்லியிருக்கிறார். மினி இன்னொன்று வாங்கிவிட்டேன். மிதவையும் இருக்கிறது. நாலு கம்பிக் கேபிளை மட்டும் மச்சினன் மகன் விடுதிக்கே எடுத்துப் போய்விட்டான். மேடவாக்கம் பக்கம் யாரிடமாவது ஒன்று இருந்தால் இரண்டு நாளைக்குக் கொடுங்கள். விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.