சிப்காட் மாமா பதில்கள்

'கஷ்டப்பட்டாத்தான் முன்னேற முடியும்' என்கிறாரே எங்கள் சூப்பர்வைசர்?
– அப்ரென்டிஸ், ஒரகடம்

ஏ.சி. ரூமில் உட்கார்ந்து சொன்னாரா, லைனில் நின்று சொன்னாரா?

தங்கத்தைப் புடம் போட்டால்தானே மின்னும்?
– ஆசிரியர், வாலாஜாபாத்

போடுவது தட்டார். நகையைப் போட்டுக்கொள்வது வேறொருவர். தங்கத்திடம் யார் கேட்டார்கள்?

இன்டர்வியூ போய்ப் போய்ச் செருப்பு தேய்ந்துவிட்டது. எத்தனை தோல்வி வரை தாங்கலாம்?
– பட்டதாரி, ஸ்ரீபெரும்புதூர்

உங்கள் ஊர்க்காரர் ராமானுஜர், மந்திரப் பொருள் கேட்டுத் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. 17 முறை 'அப்புறம் வாரும்'தான். நம்பியோடு ஒப்பிட்டால் நம் எச்.ஆர். பச்சைக் குழந்தை!

கிடைத்ததும் ராமானுஜர் கோபுரம் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார். உங்களுக்கு முன்னால் வேலை கிடைத்த நண்பர் போனையாவது எடுக்கிறாரா?

நோக்கியா மூடியதில் வேலை போனது. அதுவும் 'வளர்ச்சி'க்கான பாடமா மாமா?
– முன்னாள் ஊழியர், சுங்குவார்சத்திரம்

2006-ல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பர் 1-ல் நின்றது. வரி வழக்கு கம்பெனிக்கு. பாடம் மட்டும் உங்களுக்கா?

பின்னாளில் சால்காம்ப் வந்து அதே இடத்தில் சார்ஜர் செய்கிறது. கட்டடத்துக்கு இரண்டாம் இன்னிங்ஸ் கிடைத்தது. அதற்குள் உங்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கேட்டில் 'ஓவர் ஏஜ்' என்றிருப்பார்கள்.

என் டிராயரில் ஒரு பழைய நோக்கியா கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் 'மேட் இன் இண்டியா' ஸ்டிக்கர் பளிச்சென்று இருக்கிறது. சார்ஜர்தான் இல்லை.

பொறுமையாக இருந்தால் எல்லாம் தானாக வருமாமே?
– விடுதிவாசி, வல்லம் வடகால்

2021 டிசம்பர்: பூந்தமல்லி பக்கம் விடுதிச் சாப்பாட்டில் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரி. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்ட்: உங்கள் ஊரில் 18,720 பேர் தங்கும் விடுதி திறப்பு.

அதனால்தான் இது என்று நான் சொல்லவில்லை. தேதிகளை வரிசையாக வைத்தேன், அவ்வளவுதான்.

கம்பெனியை எதிர்த்து நின்றால் பெயர் கெட்டுப்போகாதா?
– பயந்தவன், இருங்காட்டுக்கோட்டை

சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைக்குப் போகவில்லை. பந்தல்கூடப் பிரிக்கப்பட்டது, வெயிலில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பெயர் கெடவில்லை, பதிவேட்டில் ஏறியது.

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி, ஸ்டாப்பிங்கைத் தவறவிடுகிறேன். நான் முன்னேற என்ன வழி?
– கான்ட்ராக்ட் ஊழியர், மாத்தூர்

டிரைவரிடம் சொல்லிவைத்துத் தூங்குங்கள். எழுந்ததும் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தமும் யு.ஏ.என். நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கேள்வியை எனக்கு அனுப்ப வேண்டாம், கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள்.