உடன்பிறந்த பகை

கேள்வி: உடலைக் காக்கவேண்டிய இரத்த அணுக்களே உடலைத் தாக்குவதுதான் லூபஸ் நோய் என்கிறார்களே, ஆரோக்கியமான சரீரத்தில் இத்துரோகம் எப்படி நுழைகிறது?
– தோட்டத்து வாசகி, பிரிஞ்சாங்

பதில்: அம்மணி, அது நுழைவதில்லை, நம் எல்லோருடனும் கூடவே பிறக்கிறது! எந்தக் கிருமி என்றைக்கு வரும் என்று முன்கூட்டி அறிய இயலாத காரணத்தால், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ‘பி’ அணுக்கள் தம் மரபணுத் துண்டுகளை மனம்போனபடி கலைத்துச் சேர்த்து விதவிதமான எதிர்ப்பொருள்களைச் சிருஷ்டிக்கின்றன. அவற்றுள் பல சொந்தச் சரீரத்தையே பற்றுவனவாக அமைந்துவிடுகின்றன. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஹெட்டா வார்டெமான், மிஷெல் நுசென்ஸ்வைக் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மனிதரின் இளம் ‘பி’ அணுக்கள் ஆக்கும் எதிர்ப்பொருள்களில் 55 முதல் 75 சதவிகிதம் இத்தகையவையே.

ஆகவே, சிலருக்கு நோய் வருவதைவிட, பெரும்பாலோருக்கு வராதிருப்பதே பேரதிசயம். நிரையில் கொழுந்து பறிக்கும்போதே முற்றிய இலையைத் தள்ளி, எஞ்சியதை ஆலையிலும் பொறுக்கி நீக்குவதுபோல், மஜ்ஜையில் ஒருமுறையும், அணுக்கள் இரத்தத்தில் கலந்தபின் மறுமுறையும் இயற்கை சோதித்துக் கழிக்கிறது. முதிர்ந்த அணுக்களில் ஆரோக்கியமுள்ளோரிடம் 5 முதல் 20 சதவிகிதமே இவ்வாறு எஞ்ச, லூபஸ் நோயாளரிடம் 25 முதல் 50 சதவிகிதம் வரை எஞ்சியதை அதே ஆராய்ச்சிக்கூடத்தார் 2005இல் கண்டனர்.

எனவே, இந்நோயுற்ற சகோதரி எவரையும் விதியென்றும் வினையென்றும் பேசி நோகச் செய்யாதீர்கள். மனித குலம் முழுவதற்கும் பொதுவான ஓர் அபாயத்தைத் தடுக்கும் காவல் அவரிடத்தில் தளர்ந்திருக்கிறது, அவ்வளவே. அவருக்கு வேண்டியவை இடைவிடாத சிகிச்சையும் நம் அன்பும்.