ஜன்னலோர மிராசுதார்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு மிராசுதார் இருப்பார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நிலபுலன், சமையலறை ஜன்னல் திண்டில் ஒன்றரை அடி. கிழக்கு பார்த்த நஞ்சை என்று பெருமை வேறு.

சாகுபடி தனியா டப்பாவில் தொடங்கும். ஒரு கைப்பிடி அள்ளி, பூரிக்கட்டையால் மெல்ல உருட்டுவார். "இது விதையில்லை, காய். உள்ளே விதை ரெண்டு. பிளந்து போட்டாத்தான் சட்டுனு முளைக்கும்" என்று பாடம் நடக்கும். பூரிக்கட்டைக்காக மாவோடு காத்திருக்கும் மனைவிதான் மாணவி. இரவு ஊறல், காலை விதைப்பு, பிறகு எட்டுப் பத்து நாள் தவம். ஆறுதலுக்கு வெந்தயமும் தூவுவார். அது மூன்றாம் நாளே தலைகாட்டிவிடும். அதனாலேயே அதற்கு மரியாதை இல்லை.

தண்ணீர் தேங்கினால் நாற்று அடித்தண்டு அழுகிச் சாயுமல்லவா? தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றிலும் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டுவிடுவார். எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சாம்பார் வாசலிலேயே இறங்கிக்கொண்டதாகக் கேள்வி.

முளைத்தபின் அவரைக் கையில் பிடிக்க முடியாது. நாற்று வெளிச்சத்தைத் தேடிச் சாயும் என்று தினமும் காலையில் தொட்டியை அரைவட்டம் திருப்பி வைப்பார். வீடியோ காலில் பேரன், "தாத்தா, உங்க முகத்தைக் காட்டுங்க" என்று கெஞ்சுவான். திரை முழுக்கக் கொத்தமல்லி.

"ரசத்துக்கு நாலு இலை கிள்ளிக்கட்டுமா?"

"பச்சைப் புள்ளைடி! இன்னும் ஒரு வாரம் போகட்டும்."

கடையிலிருந்து ஒரு கட்டு வரும். மனைவி அதை நறுக்கும்போது மட்டும், தொட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்துவிட்டு வருவார். எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

வாரங்கள் போகும். வெயில் ஏறினால் கொத்தமல்லி யாருக்காகவும் காத்திராது. இலை நூலாக மெலியும், பூக்கும், காய்க்கும். மொத்த மகசூல் ஒரு தேக்கரண்டி தனியா. காகிதத்தில் மடித்து, பிரசாதம்போல் மனைவியிடம் நீட்டுவார்.

அந்த அம்மாள் அதைத் தனியா டப்பாவில் கொட்டி மூடியபடி சொல்வார்: "எடுத்தது ஒரு கைப்பிடி. வட்டியை விடுங்க, அசலே இன்னும் வரலையே!"