பின்வாசல் பங்காளிகள்

ஏல பேராண்டி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள செல்போன வச்சுக்கிட்டு 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரு பாக்கியே. வல்கனுக்குக் காது எத்தன இஞ்சு, ரோமுலனுக்கு நெத்தி ஏன் மேடு, எந்தக் கப்பல் எந்த வேகம்னு சேக்காளிகளோட மல்லுக்கு நிக்கியே. நான் ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ரெண்டு கூட்டமும் யாருல? ஒரு வவுத்துப் பிள்ளைங்கதான?

கத எனக்கும் தெரியும். நீ பாக்கையில நானும் முழிச்சுக்கிட்டுத்தான கெடக்கேன்! சூராக்குன்னு ஒரு பெரியவரு வல்கன் கெரகத்துல தோணி, கோவத்த விடுங்கடே, அறிவு சொல்லுறதக் கேளுங்கன்னாரு. போதும்வே உம்ம உபதேசம்னு ஒரு கூட்டம் கப்பலேறிட்டு. போயி ரோமுலஸ்ங்குற கெரகத்துல குடியேறுச்சு. அதுக்கப்புறம் ஏறக்கொறைய 2,000 வருசம் பங்காளி மொகத்துல பங்காளி முழிக்கல. 1966-ல ரோமுலன் மூஞ்சி மொதமொத திரையில தெரிஞ்சதும், கப்பல்ல இருந்தவன்லாம் என்ன செஞ்சான்? திரும்பி, கூட வேல பாத்த வல்கன் ஸ்பாக்கப் பாத்தான்! அந்த ரோமுலன் தளபதியா நடிச்ச மார்க் லெனார்டயே, மறு வருசம் ஸ்பாக்குக்கு அப்பனாவும் போட்டுட்டான். செலவும் மிச்சம், சாடையும் சரியாப் போச்சு.

பெறகு ரோமுலஸ் சூரியன் வெடிக்கப் போவுதுன்னு தெரியுது. 90 கோடிப் பேர இடம் மாத்தணும், 10,000 கப்பல் வேணும்னு பிக்கார்டுங்குற கப்பல் தளபதி கெளம்புதாரு. ஆனா 2385-ல செவ்வாயில கப்பல் கட்டுற எடத்தையே எந்திர மனுசங்க கொளுத்திப்புட்டாங்க. பூமியும் வல்கனும் சேந்திருக்க கூட்டமைப்பான ஃபெடரேஷன் கைய விரிச்சிருச்சு. ரோமுலன கை கழுவு, இல்லன்னா நாங்க வெளிய போறோம்னு அதுல இருந்த 14 இனம் மெரட்டுச்சாம். பணம் வேண்டாத காலம், பசி தெரியாத காலம்னு பீத்துனியே, அந்தக் காலத்து லெச்சணம்தாம்ல இது.

பிக்கார்டு மட்டும் லேசுப்பட்ட ஆளா? வஷ்டிங்குற கெரகத்துல அகதிகள எறக்கி விட்டவரு, 14 வருசம் எட்டிப் பாக்கல. 2399-ல வந்து நிக்காரு. கடையில 'ரோமுலன்களுக்கு மட்டும்'னு ஒரு போர்டு. புடுங்கிக் கீழ போட்டு மிதிச்சிட்டு உள்ள போயி உக்காருதாரு. சோறு போடாதவருக்கு வாற கோவத்தப் பாரேன்!

இதுக்குப் பெறகுதான் எனக்கு வவுத்தெரிச்சல். அடுத்தது 'டிஸ்கவரி' தொடரு. கத 3189-க்குத் தாவிருது. வல்கனுக்கு நிவார்னு பேர மாத்தியாச்சு. ரோமுலனும் வல்கனும் ஒரே மண்ணுல இருக்கான். எப்படில? ரெண்டு கூட்டத்தையும் சேக்க ஸ்பாக் பாடுபட்டது பலிச்சிருச்சாம். கல்யாணத்தக் காட்டுனான், பேரன் பேத்தியக் காட்டுனான், நடுவுல குடும்பம் நடத்துனதக் காணோமே!

ரோமுலன் வீட்டுக்கு முன்கதவு பொய்க்கதவு. பின்னால சுத்திப் போனாத்தான் உள்ள நொழைய முடியும். அம்புட்டுச் சந்தேகம் அவனுக்கு. இப்ப யோசி. வல்கன் தெருவுல வந்து அவன் ஒரு வீட்டக் கட்டுதான். பொய்யே சொல்ல மாட்டேன்னு மார்தட்டுற பக்கத்து வீட்டு வல்கன், விடியக்காலம் வந்து முன்கதவத் தட்டுதான். தட்டுதான், தட்டிக்கிட்டே நிக்கான். "தெறக்காத கதவு எதுக்கு? இது அறிவுக்கு ஒத்து வரலியே"ங்கான். இவன் உள்ள மூச்சு விடாம நிக்கான். இந்த ஒரு காட்சிக்கே ஒரு வாரம் ஓட்டலாமே!

அப்புறம் பேரு. ரோமுலனுக்கு மூணு பேரு. ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, மனசக் குடுத்தவகிட்ட மட்டும் சொல்ல ஒண்ணு. அகதிப் பதிவேட்ட விரிச்சு வச்சுக்கிட்டு வல்கன் கிளார்க்கு, "உண்மையான பேரச் சொல்லு"ம்பான். அதச் சொல்லணும்னா இவன் அந்தக் கிளார்க்கத்தான் கட்டிக்கிடணும்!

அந்தத் தெருவுல ஒரு வல்கன் கிழவி இருப்பாள்ல? அவ என்ன சொல்லியிருப்பா? போன தடவ, ஒண்ணு சேருவோம்னு ஸ்பாக் போனப்ப, அதையே சாக்கா வச்சு வல்கன் கப்பல்ல 2,000 சிப்பாய ஒளிச்சு அனுப்புனவன்தான இந்த ரோமுலன்? 1991-ல காட்டுனான், நீ மறந்திருப்ப. கிழவி மறப்பாளா? வல்கனுக்கு ஆயுசு 200 வருசம்ல!

மண்ணோ பாலைவனம். விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாக. வந்தவன் ஒரேயடியா வந்தவன். நாலாம் நாள் தண்ணிக்கு என்ன மொற வச்சான்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறல்லா? எவனாவது ஒரு வல்கன் மூஞ்சியச் சுளிச்சிருப்பான். சுளிக்கவே இல்லன்னு சத்தியமும் பண்ணியிருப்பான். சிரிக்க மாட்டான், அழ மாட்டான், பெரிய ஞானி!

ஒண்ணே ஒண்ண மட்டும் சரியாச் சொல்லியிருக்கான். பின்னால ஃபெடரேஷன விட்டு வெளிய போவணும்னு பேச்சு வந்தப்ப, இருப்போம்னவன் ரோமுலன். போவோம்னு நின்னவன் அந்த மண்ணுக்காரன் வல்கன். அலைஞ்சவனுக்குத்தாம்ல கூரையோட அரும தெரியும்.

நீயும் கத எழுதுதேன்னு லேப்டாப்பத் தூக்கிக்கிட்டுத் திரியுதியே, கப்பல் வேகத்த எழுத ஆயிரம் பேரு இருக்கான். நீ ரெண்டு கூட்டமும் ஒண்ணா வாழ்ந்த அந்த மொத வருசத்த எழுது. எந்தக் கதவத் தட்டுனான், தண்ணி மொற யாரு வச்சான்னு எழுது. எழுதி முடிச்சதும் எனக்குத்தான் மொதல்ல வாசிச்சுக் காட்டணும், சொல்லிட்டேன்.