மேகத்துக்கு உளி கொடுத்த அமைச்சகத்துக்கு

அனுப்புநர்: கல்தச்சன் ஒருவன், மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்: ஒன்றிய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: அமில மழைக்குத் தாங்கள் அளித்துவரும் ஆதரவுக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா,

ஆயிரத்து முந்நூறு வருஷமாக எங்கள் ஊரில் மனிதர்கள்தான் கல் கொத்துகிறோம். கூலி, உளி, டீ எல்லாம் செலவு. நிலக்கரியை எரித்து அதிலுள்ள கந்தகத்தை வானத்துக்கு அனுப்பினால், அது மேகத்தில் கரைந்து கந்தக அமிலமாக இறங்கி ஓசியில் செதுக்கிவிடும் என்பது பல்லவ ராஜாக்களுக்கே தோன்றாத யோசனை. வண்டிப் புகையும் சேர்ந்தால் நைட்ரிக் அமிலம் இனாம்.

2015 டிசம்பரில் எங்களைக் கொஞ்சம் பயமுறுத்திவிட்டீர்கள். அனல்மின் நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வைத்து, இரண்டே ஆண்டு கெடு கொடுத்தீர்கள். நல்லவேளை, கெடு 2022க்குப் போனது. பிறகு 2024, 2026, 2029 என்று நடை பயின்றது. கடைசியில் 2025 ஜூலையில், பெரும்பாலான அலகுகளுக்கு அந்த வரம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். அரைகுறையாக நின்றுபோன வேலையைக்கூட டிக்கெட் வாங்கி வந்து பார்க்கும் ஊர் எங்களுடையது. அப்படி முடிக்காமல் விட்ட பிடாரி ரதங்களுக்குப் பக்கத்தில் உங்கள் அறிவிக்கைக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.

விலக்கு கொடுத்த முறைதான் அபாரம். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையம் புகையைக் கழுவ வேண்டும். ஏற்கெனவே மாசுபட்ட ஊர்களின் பக்கத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வீர்கள். மற்றவை நிம்மதியாக இருக்கலாம். பரனூர் சுங்கச்சாவடியில் லாரி நிற்பதுபோல் கந்தகமும் பத்தாவது கிலோமீட்டரில் நின்றுவிடும் போலிருக்கிறது. எங்கள் கடற்கரையில் வாடை அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையங்களின் காற்று வரும்; தென்மேற்கிலிருந்து அடித்தால் நெய்வேலி அனல்மின் நிலையங்களின் காற்று. இரண்டுக்கும் யாரும் டோக்கன் போடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கல்பாக்கம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அணு உலையில் எரிக்கக் கந்தகம் கிடையாது.

நாட்டின் பெரும்பாலான இடங்களில் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறீர்கள். இருக்காதா? அந்த வாயு போகிற வழியிலேயே சல்பேட் துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிவிடுகிறது. அது மழையிலும் நம் நுரையீரலிலும் இறங்கும்போது வேறு பெயரில் இருக்கும். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும் சரிதான். சாம்பல் அதிகம், சூடு குறைவு. அதனால் கூடுதலாக எரிக்கிறோம் என்பதை யாரோ குறிப்பில் விட்டுவிட்டார்கள். நல்ல மழையிலேயே பி.எச். 5.6 அளவில் லேசான புளிப்பு உண்டு. அதற்குக் கீழே போகாமல் பல இடங்களில் காப்பாற்றுவது நம் மண்புழுதியிலுள்ள சுண்ணாம்பு. சாலை போடாத துறைக்கும் தனியே நன்றிக் கடிதம் எழுதுகிறேன்.

விலக்குப் பெற்றவர்களுக்கு நீங்கள் விட்டுவைத்த ஒரே நிபந்தனை, புகைபோக்கி போதிய உயரம் இருக்க வேண்டும் என்பது. இங்கிலாந்துக்காரர்களும் உயரமாகத்தான் கட்டினார்கள். அவர்கள் ஊர் வானம் வெளுத்தது. நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மீன் செத்தது. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துத் தண்ணீரில் விட்டால் மீனின் செவுள் தாங்காது. செங்கல்பட்டு ஏரி மாவட்டம். மதுராந்தகம் ஏரி மீனுக்கு இதை யார் சொல்வது?

ஒரு குறையும் உண்டு. கடற்கரைக் கோயில் கருங்கல். அமிலத்துக்கு அது லேசில் அசையாது; அதை இத்தனை நாள் அரித்தது உப்புக்காற்று. பளிங்கும் சுண்ணாம்பும்தான் சட்டென்று கரையும். அதனால்தான் தாஜ்மகாலைச் சுற்றியிருந்த ஆலைகளை நிலக்கரியை விடச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் பக்கத்தில் உங்களுக்குத் தோதானவை, பழைய கோபுரங்களின் சுண்ணாம்புச் சுதைப் பொம்மைகள். அமிலம் பட்ட சுண்ணாம்பு ஜிப்சமாகி உதிரும்.

அதே ஜிப்சத்தை ஆலைக்குள்ளேயே எடுக்கலாம். புகையில் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்தால் கந்தகம் அதில் பிடிபடும். கிடைப்பதைச் சிமென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். 2015இல் நீங்கள் வைத்த வரம்பை எட்ட, மின் நிலையங்கள் பெரும்பாலும் நம்பியிருந்த வழி அதுதான். 2025 ஜூலை அறிவிக்கையைத் திரும்பப் பெற்று அதையே கட்டாயமாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். செதுக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்தச்சன்