நீருண் தூசி: ஒரு செம்பூர் ஆய்வு

பம்பாயில் தூசி மூவகைப்படும்: மாட்டுங்காத் தூசி, தாராவித் தூசி, செம்பூர்த் தூசி. முதலாவதில் ஊதுவத்திச் சாம்பலும் கோயில் வாசல் பூ உதிரியும் கலந்திருப்பதால் காலில் பட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். இரண்டாவது கும்பார்வாடாச் சூளைக் கரியும் தோல் துணுக்கும் பிளாஸ்டிக் பொடியும் சேர்ந்த உழைப்பாளித் தூசி. செம்பூருக்கோ ஒரு பக்கம் மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், இன்னொரு பக்கம் தேவநார் குப்பைமேடு, நடுவில் இடித்துக் கட்டப்படும் சொசைட்டிகள். காலையில் துடைத்த டீப்பாயில் மாலையில் விரலாலேயே பிள்ளையார் சுழி போடலாம்.

இதை வெல்ல வந்ததுதான் எங்கள் வீட்டு நீர்வடி வேக்குவம் கிளீனர். இதில் பை கிடையாது. உறிஞ்சிய காற்று தொட்டித் தண்ணீருக்குள் முங்கி எழும். நனைந்த தூசி தங்கிவிடும். மேலே சுழலும் செபரேட்டர் மிச்சத் துளிகளை உதறித் தள்ளும். நீரில் சுலபமாக நனையாத முகப்பவுடர் போன்ற தூள் மட்டும் குமிழிக்குள் ஒளிந்து தப்பிவிடும். வெகுதூரம் தாண்டி பாத்சா அணையிலிருந்து வரும் தண்ணீரில், அதுவும் நாளுக்குச் சில மணி நேரமே வரும் தண்ணீரில், இரண்டு லிட்டரை சோபாத் தூசியை முழுக்காட்டச் செலவிடுகிறோம்.

இவ்வளவும் சுத்தத்துக்காக என்பது பாமரர் கொள்கை. 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் உருவாக்கிய முதல் இயந்திரம் குதிரை வண்டியில் தெருவில் நிற்கும். குழாய் மட்டும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும். அதைப் பார்ப்பதற்கென்றே சீமாட்டிகள் தேநீர் விருந்து வைத்தார்கள். ஆக, அழுக்கு போவது முக்கியமில்லை. போன அழுக்கை நாலு பேர் பார்க்க வேண்டும். நீர்வடி இயந்திரம் இந்தத் தேவையைப் பூரணமாக்குகிறது. வேலை முடிந்ததும் தொட்டியில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு சாட்சி நிற்கிறதே!

பழுதுகள்: நாற்றம், நுரை, முனகல். எங்களுடையதற்கு மூன்றும் ஒரே வாரத்தில் வந்தன. விற்றவர்களுக்குப் போன் செய்தால் பாட்டுப் போட்டார்கள். அதனால் தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிப்போனேன். கழற்றினார், முகர்ந்தார்.

"வீட்டுல தரைக்குப் போச்சா போடுதது யாரு?"

"வேலைக்கு வர்ற பாய்தான்."

"வாளியில சோப்புத்தூள அள்ளிப் போடுதாங்களா?"

போடுகிறாள், பிடி பிடியாக. தரையில் காய்ந்த சோப்பு தொட்டிக்குள் நுரையாகப் பொங்கி, செபரேட்டரைத் தாண்டி மோட்டார் வரை ஏறியிருந்தது. "மிஷினுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒங்க தரையத்தான் ரிப்பேர் பண்ணணும்." ஹோஸுக்குள் ஐந்து ரூபாய்க் காசைப் போட்டார், மறுமுனையில் விழவில்லை. உள்ளே குறுக்காக நின்றது ஓர் ஊதுவத்திக் குச்சி. முனகலுக்குக் காரணம் தேய்ந்த கார்பன் பிரஷ், அதை மாற்றினார். குறியைத் தாண்டித் தண்ணீர் ஊற்றாதே, நுரை வந்தால் நுரையடக்கி நாலு சொட்டு விடு, செபரேட்டர் இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய், வேலை முடிந்த கையோடு தண்ணீரைக் கொட்டித் தொட்டியைக் கவிழ்த்துக் காயவை என்று நான்கு நூற்பாக்களும் அருளினார்.

முதல் மூன்றும் எளிது. நான்காவதில்தான் சிக்கல். கொட்டிவிட்டால் யார் பார்ப்பது? கொட்டாவிட்டாலோ, மழைக்கால பம்பாயில் ஓர் இரவு போதும், முடியும் சோற்றுப் பருக்கையும் ஊறிய அந்தத் தண்ணீர் வீட்டையே விரட்டும். நாற்றத்தின் மூலகாரணம் பாக்டீரியா அல்ல, விருந்தாளி என்பதே எனது துணிபு.

நேற்று மாலை எடுத்த தண்ணீர் இப்போதும் பால்கனியில் இருக்கிறது. அத்தைக்குக் காட்டாமல் கொட்டக் கூடாது என்பது மனைவியின் ஆணை. அத்தை மாட்டுங்காவிலிருந்து கிளம்பிவிட்டாராம். குர்லாவில் வண்டி மாற வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறோம்.