வராதவர் எல்லாம் தோற்றவர்

ஆரணியில் வெளியூர் அணிகள் வந்து ஆடிய ஆட்டங்களில், வரலாற்றுப் புத்தகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது 1751 டிசம்பர் 3-ஆம் தேதி நடந்த ஒன்றுதான். ஸ்டிக், பந்து எதுவும் கிடையாது. பீரங்கியும் துப்பாக்கியும்தான். ஆனால் வாரக்கடைசி ஹாக்கி மேட்சுக்கு உண்டான லட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை. அணிக்கு ஆள் சேரவில்லை, சேர்ந்தவர்கள் நேரத்துக்கு வரவில்லை, மைதானம் முழங்கால் சேறு, ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்து ஆட்கள் ஜெயித்த பக்கத்தில் பேர் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

ஒரு பக்கத்துக் கேப்டன் ராபர்ட் கிளைவ், வயது 26. கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கெழுத வந்த குமாஸ்தா. பேரேடு பிடிக்காமல் வாள் பிடித்தவர். அதாவது அசல் அமெச்சூர். எதிர்ப்பக்கம், பிரெஞ்சுக்காரர் துணையோடு ஆற்காட்டு நவாப் பதவிக்கு மோதிய சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப். இவர் ஐம்பது நாள் ஆற்காட்டுக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளே இருந்த கிளைவை வெளியே இழுக்க முடியாமல் எழுந்து போனவர். ஆரணியில் நடந்தது அதன் ரிட்டர்ன் மேட்ச்.

கிளைவிடம் 200 வெள்ளைக்காரர்களும் 700 சிப்பாய்களும் இருந்தார்கள். ராஜா சாகிப்பிடம் 300 பிரெஞ்சுக்காரர்கள், 2,500 சிப்பாய்கள், 2,000 குதிரைகள். கணக்கு உதைத்ததால் கிளைவ் மராத்தியர்களை எதிர்பார்த்தார். அவர்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆனால் மராத்தியத் தலைவர் முராரி ராவ், எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியும்வரை வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பவர். ஆற்காட்டில் கிளைவ் தாக்குப்பிடித்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நட்பு பொங்கியது. அவருடைய உறவினர் பாசின் ராவ் தலைமையில் வந்த குதிரைப்படைக்கோ வழியில் வேறு ஜோலி இருந்தது. ஊர் ஊராகக் கொள்ளையடிப்பதுதான் அந்த ஜோலி. எதிரி ராணுவத்தோடு பணப்பெட்டியும் வருகிறது என்று காதில் விழுந்ததும் உற்சாகம் பிறந்து, சுமார் 600 பேர் வந்து சேர்ந்தார்கள். சாப்பாடு உண்டு என்றால்தான் வருவேன் என்கிற ரைட் அவுட்டை வைத்து அணி நடத்தியவர்களுக்கு இது புதிதல்ல.

வடகிழக்குப் பருவமழை நெல்வயல்களை நிரப்பி வைத்திருந்தது. கிளைவ் ஒரு பக்கம் பனந்தோப்பில் மராத்தியர்களையும், மறுபக்கம் கிராமத்தில் சிப்பாய்களையும் நிறுத்தினார். நடுவே சேறு. அதைக் கடக்க இருந்தது ஒரே ஒரு மேட்டுப்பாதை. அதன் வழியாக வந்தவர்களைப் பீரங்கி வரவேற்றது. இறங்கியவர்களைச் சேறு வரவேற்றது. இருட்டியதால் ராஜா சாகிப் தப்பினார். பணப்பெட்டி தப்பவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் துப்பாக்கியோடு வந்து கிளைவிடம் வேலை கேட்டார்கள். நல்ல ஆயுதம் வைத்திருந்தவர்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். கிளப்பில் சேர வரும் பையனிடம் இன்றைக்கும் கேட்கிற முதல் கேள்வி அதுதானே: “சொந்த ஸ்டிக் இருக்காப்பா?” ஆரணிக் கோட்டையின் காவல் தலைவரான கில்லேதார் இன்னும் கெட்டிக்காரர். கோட்டையை ஒப்படைக்க மாட்டேன், ஆனால் இன்று முதல் நான் உங்கள் பக்கம் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். மைதானச் சாவியைக் கையில் வைத்திருப்பவன் எந்தக் காலத்திலும் தோற்பதில்லை.

இந்தச் சண்டையை எழுதியவர்கள் வியூகம், வீரம், விதி என்று அடுக்குகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வருகைப் பதிவேடு ஒன்றுதான். யார் வந்தார், யார் வரவில்லை, யார் கடைசி நிமிஷத்தில் வந்தார். ஹாக்கியின் சரித்திரமும் இந்தப் பதிவேட்டை வைத்தே எழுதப்பட வேண்டியது. எழுதாமல் மறைத்துவிட்டார்கள்.

நம் ஊர்களில் சனி ஞாயிறு ஹாக்கி நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எட்டு அணி பேர் கொடுக்கும், ஐந்து வரும். வந்த ஐந்தில் மூன்றுக்குப் பதினோரு பேர் இருக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி “கண்டிப்பா வந்துடறேண்ணே” என்று சொன்னவனுடைய போன் சனிக்கிழமை காலையில் அணைந்திருக்கும். ஆரணி மாதிரி பட்டு நெய்கிற ஊரில் இது இன்னும் மோசம். தறிக்காரருக்குப் பரம்பரையாக விடுமுறை அமாவாசைதான். ஞாயிற்றுக்கிழமை என்பது பள்ளிக்கூடமும் பாங்க்கும் கொண்டுவந்த பழக்கம். கல்யாண முகூர்த்தம் நெருங்கினால் லெஃப்ட் ஹாஃப் குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டு இருப்பான். சேலை முடியாமல் எழுந்து வரமாட்டான், வந்தால் வீட்டில் விடமாட்டார்கள். சரி, தெருவிலாவது பிராக்டீஸ் செய்யலாம் என்றால் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருக்கும். பந்து அந்தப் பக்கம் போனால் அம்பயர் கார்டு எடுக்க வேண்டாம், தெருவே சேர்ந்து வெளியேற்றிவிடும்.

அப்புறம் கோலி. கோலியாக நிற்க யாரும் பிறப்பதில்லை, நிறுத்தப்படுகிறார்கள். ஓட முடியாதவன், நேற்று சேர்ந்தவன், கேப்டனின் மச்சான், இந்த மூவரில் ஒருவனுக்குத்தான் பேட் கட்டப்படும். எதிரணியில் ஆள் குறைந்தால் நம் உபரி ஆளைக் கடன் கொடுப்பதும் உண்டு. கடன் போனவன்தான் நம்மீது கோல் போடுவான். நம் அணியில் இருந்தவரைக்கும் ஒரு கோலும் போட்டிருக்க மாட்டான். ஆள் வராத மேட்சுக்குப் பதினைந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு, வாக்கோவர் என்று அம்பயர் விசில் ஊதுவார். ஜெயித்த அணி துள்ளிக் குதிக்கும். அந்தத் துள்ளலைக் கேவலம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்து மேலே படிக்கவும். இந்த விளையாட்டை உருவாக்கிய கனவான்கள் செய்ததைப் பார்த்தால் நம் பையன்கள் தேவலாம்.

லண்டனுக்குப் பக்கத்தில் பிளாக்ஹீத் கிளப் என்று ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாக்கி ஆடியது. அவர்களுடைய பந்து உருண்டையே இல்லை. ரப்பர் கட்டி, சதுரக் கட்டி. அது எந்தப் பக்கம் உருளும் என்று அடித்தவனுக்கும் தெரியாது. டெடிங்டன் ஊர் கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்தில் பொழுது போகாமல் கிரிக்கெட் பந்தை வைத்து ஆடிய பிறகுதான் விளையாட்டுக்குக் கொஞ்சம் புத்தி வந்தது.

1908-ல் லண்டன் ஒலிம்பிக். ஹாக்கிக்கு வந்த அணிகள் ஆறு. பிரான்சு, ஜெர்மனி, இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ். எண்ணிப் பாருங்கள்: ஒரே வீட்டுக்காரர்கள் நான்கு பேரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தங்கம் இங்கிலாந்துக்கு, வெள்ளி அயர்லாந்துக்கு, வெண்கலத்தை ஸ்காட்லாந்தும் வேல்சும் பங்கிட்டுக்கொண்டன. நம் ஊரில் ஏ டீம், பி டீம் என்று இரண்டு போட்டாலே கமிட்டியில் சண்டை வரும்.

இந்தியா ஒலிம்பிக்குக்கு வந்த 1928-ல் இதே பிரிட்டன் வரவில்லை. 1932, 1936-லும் வரவில்லை. அடிமை நாட்டிடம் தோற்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலை என்பார்கள் நம்மவர்கள். கடைசியில் அவர்கள் வந்தது 1948-ல், சொந்த ஊர் வெம்ப்லியில். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட நிறையாத இந்தியா 4-0 என்று அடித்தது. இருபது வருஷ ஆப்சென்ட்டுக்கு அபராதம்.

1928 ஆம்ஸ்டர்டாமில் நம் பக்கத்துப் பதிவேடும் சுத்தமில்லை. கேப்டன் ஜெய்பால் சிங் ஆக்ஸ்போர்டில் ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர். லீவு கிடைக்கவில்லை, கிடைக்காமலே வந்து ஆடினார், பிறகு அந்த உத்தியோகமே கை நழுவியது. அப்படி வந்தவரும் இறுதி ஆட்டத்துக்கு முன்பே அணியை விட்டு விலகிவிட்டார். கேப்டன் இல்லாமல், பாதிப்பேர் காய்ச்சலும் காயமுமாக இறங்கிய அணி நெதர்லாந்தை 3-0 என்று முடித்தது. ஐந்து ஆட்டத்தில் 29 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்கவில்லை. எல்லோரும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நெதர்லாந்துக்காரர்கள் யோசித்திருப்பார்கள்.

ஆனால் வாரக்கடைசி ஹாக்கியின் குலதெய்வம் 1932 லாஸ் ஏஞ்சலஸ்தான். உலகமெங்கும் பணப் பஞ்சம், அமெரிக்கா வரைக்கும் கப்பல் கட்டணம் கொடுக்க யாரிடமும் காசில்லை. ஒலிம்பிக் ஹாக்கிக்கு வந்த அணிகள் மூன்று: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. பதக்கமும் மூன்று. எனவே வந்து இறங்கியபோதே எல்லோருக்கும் பதக்கம் உறுதி. எந்த நிறம் என்பதுதான் பாக்கி.

இந்திய அணி வழிநெடுக ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடி, வசூல் பண்ணிப் பயணச் செலவைத் தேற்றியது. தெருக்கூத்து ஜமா கோடை முழுக்க அலைகிற மாதிரிதான். அங்கே போய் ஜப்பானை 11-1 என்று அடித்தார்கள். ஜப்பான் அமெரிக்காவை 9-2 என்று அடித்தது. கடைசியில் அமெரிக்காவும் இந்தியாவும். 24-1. ரூப் சிங் 10, அவருடைய அண்ணன் தியான் சந்த் 8. ஒலிம்பிக் ஹாக்கியில் அந்த 24-ஐ இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அந்த ஒற்றைக் கோல் எப்படி விழுந்தது என்றால், நம் கோல்கீப்பர் போஸ்டுக்குப் பின்னால் ரசிகர்களுக்கு ஆட்டோகிராப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, அந்த ஸ்கோருக்கு அவர் அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்பது நிஜம். ஆடிய இரண்டிலும் தோற்று 33 கோல் வாங்கிய அமெரிக்கா கழுத்தில் வெண்கலத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தது. வீடு பக்கம் என்பதே அதன் பலம்.

இந்த 24-1 பற்றிப் பேசும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. 1980 மாஸ்கோ என்றால் மட்டும் உதடு சுழிக்கிறது. “ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்கிறார்கள். ஆரணிக்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அந்த அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் 1950-ல் ஆரணியில் பிறந்தவர்.

சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதற்குக் கோபித்துக்கொண்டு அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஹாக்கியில் உலகக் கோப்பை வைத்திருந்த பாகிஸ்தான் வரவில்லை. முந்தின ஒலிம்பிக்கின் தங்கம் நியூசிலாந்து வரவில்லை. ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் எதுவும் வரவில்லை. வந்தவர்கள் இந்தியா, ஸ்பெயின், சோவியத் யூனியன், போலந்து, கியூபா, தான்சானியா. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0. இதைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் போலந்தோடு 2-2, ஸ்பெயினோடு 2-2 என்று மூச்சு முட்டியதைச் சொல்வதில்லை. இறுதி ஆட்டத்தில் அதே ஸ்பெயினுக்கு எதிராக 3-0 என்று முன்னால் போய், ஹுவான் அமாத் என்கிற ஒற்றை ஆள் மடமடவென்று இரண்டைத் திருப்பிப் போட்டு, நம் ஷாகித் நான்காவதைப் போட்டு, அமாத் மூன்றாவதையும் போட்டு, 4-3 என்று கடைசி விசில் வரை வயிற்றைக் கலக்கியது. ஆளில்லாத ஊரில் ஆடியவர்களுக்கு இவ்வளவு வியர்க்காது. மேலும் அந்தத் தரை செயற்கைப் புல். நாம் மண்ணிலும் புல்லிலும் பழகியவர்கள். 1976 மான்ட்ரியலில் அந்தப் பாய் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது ஏழாவது இடத்துக்கு வழுக்கிப் போயிருந்தோம், பாஸ்கரன் அந்த அணியிலும் இருந்தார். வராதவர்களுக்காக மெடலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்க வேண்டுமா என்ன?

அடுத்த முறை, 1984-ல், ஏறக்குறைய எல்லோரும் வந்தார்கள். நாம் ஐந்தாவது. அது வேறு கதை; நான் ஆரணிப் பக்கத்து வக்கீல், எதிர்த்தரப்புச் சாட்சியை இதற்கு மேல் விசாரிக்க மாட்டேன்.

மாஸ்கோவில்தான் பெண்கள் ஹாக்கி முதல்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தது. அங்கும் பலர் வராததால், போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அப்போதுதான் சுதந்திரம் அடைந்திருந்த ஜிம்பாப்வேயைக் கூப்பிட்டார்கள். அவசரமாக ஆள் சேர்த்து, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த அமெச்சூர்கள். செயற்கைப் புல்லில் அதற்கு முன் ஆடியதே கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரி போன் போட்டுச் சேர்த்த அணிக்கு உலகத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. இந்தியப் பெண்கள் அவர்களோடு 1-1 என்று சமன் செய்து நான்காவது இடத்தோடு திரும்பினார்கள். ஜிம்பாப்வே பெண்களோ ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கத்தோடு திரும்பினார்கள்.

ஊரில் வரவேற்பு தடபுடல். ஜெயித்த ஒவ்வொருவருக்கும் ஒரு எருது பரிசு என்று அறிவிப்பு வந்திருந்தது. எருதைக் கட்ட இடம் பார்த்தார்களோ என்னவோ, கடைசியில் கைக்கு வந்தது ஆளுக்கு ஒரு பொட்டலம் இறைச்சி. நம் கமிட்டிக்காரர்கள் அறிவித்த கோப்பைக்கு அதுகூட வருவதில்லை.